விருதுநகர் தாண்டாதவள்

சட்டத்துக்குப் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரரின் தொப்பி தெரிகிற வரைக்கும் பயப்படுவார்கள். தொப்பி தெருமுனை திரும்பியதும் பழைய ஆட்களாகிவிடுவார்கள். எங்கள் வளவிலிருந்த பர்மாக்கா அந்த ரகமில்லை. ஆளில்லாத காட்டில் கொண்டுபோய் விட்டாலும், இங்கே நிற்க யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்று கேட்டிருப்பாள்.

வளவு இராஜபாளையத்தில் பஞ்சாலைக்குப் பின்புறம் இருந்தது. நடுவில் கிணறு, சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து வந்த நான் அதில் ஒன்றில் தனியாகக் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். விளக்கு வைத்த பிறகு யாரும் கிணற்றில் வாளி இறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய மருமகள் உள்பட எல்லாரும் அதை மீறிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு வத்திராயிருப்பிலிருந்து என் சித்தப்பா குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டது. பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "பர்மாக்கா, ஒரு கொடம் எறச்சுக் குடுங்களேன்" என்று கத்தினேன். அவள் குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

"வெளக்கு வச்சாச்சே டீச்சர்."

"அதுக்கு?"

"உத்தரவு இல்லையே."

சொன்னதோடு நிற்கவில்லை. மில் வாசல் வரைக்கும் நடந்துபோய், காவல்காரரிடம் கேட்டு, அங்கிருந்த குழாயில் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலடியில கெணத்த வச்சுக்கிட்டு இது என்ன கூத்து? யாரு பாக்கப் போறா?" என்று எரிந்து விழுந்தேன். அதுவரை சிரித்த முகமாக நின்றவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஏன் ஆகாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

குட்டையான உருவம். வட்ட முகம். தலைமுடியை வழித்துச் சீவி உச்சியில் கொண்டை போட்டிருப்பாள். நம் சேலையைக் கச்சிதமாகக் கட்டுவாள், ஆனால் நடப்பது மட்டும் இன்னும் லுங்கி உடுத்தியிருப்பதுபோலச் சின்னச் சின்ன எட்டாக இருக்கும். தமிழை அவள் முழுக்க முழுக்கப் பெரியம்மாவின் வாயிலிருந்து படித்தவள். பெரியம்மா என்று நான் சொல்வது அவளோடு ஒரே வீட்டிலிருந்த மூத்த அம்மாளை. பெரியம்மாவுக்கு வைகிறது தவிர வேறு மாதிரிப் பேசத் தெரியாது. ஆகவே பர்மாக்காவுக்குத் தெரிந்த தமிழில் பாதி வசவு. அதைத் தேன் ஒழுகுகிற குரலில் பேசுவாள். ஒரு தடவை எங்கள் சபைப் போதகர் வீடு சந்திக்க வந்தபோது, காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டி, "ஆறதுக்குள்ள குடிச்சுத் தொலைங்க ஐயா" என்றாள். போதகர் குடித்துத் தொலைத்தார். வளவு ஒரு வாரம் சிரித்தது.

பெரியம்மாவின் புருஷன் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டியவர். சில வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். பிறகு அதுவும் நின்றுபோனது. சப்பான்காரன் குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைக்காமல், ஆயிரக்கணக்கான பேரோடு காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்து, பாதி ஆளாக ஊர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஒரு பெண் வந்து நின்றாள்.

"யாரு இது?" என்று பெரியம்மா கேட்டாராம்.

"துணைக்கு வந்தவ" என்றாராம் அவர்.

பெரியம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். வந்த பதிலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் சபையில் ஒருவனுக்கு ஒருத்திதான். இரண்டு தாரக்காரனுக்கு அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. அதனால் புருஷன் சொன்னதையே பெரியம்மாவும் போதகரிடம் சொன்னார், வளவிலும் சொன்னார். நிஜம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது பெரியம்மாவுக்கும் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டதும் நாங்களும் சேர்ந்து மூடிக்கொண்டோம்.

அந்த மனிதர் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார், ஆனால் நடந்து வந்த உடம்பு தேறவே இல்லை. கொஞ்ச காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். பெட்டியில் வைத்துக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பர்மாக்கா அடுப்படியில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடப் போகிற நேரத்தில் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பெரியம்மாவின் காதருகே குனிந்து, "அக்கா, பாக்க உத்தரவு இருக்கா?" என்று கேட்டாள். பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் பர்மாக்கா உட்கார்ந்தாள். எதிரே நின்றிருந்த வீட்டுக்காரம்மா "பாபம், பாபம்" என்று தெலுங்கில் முனகிக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

அப்புறம் இரண்டு பெண்களும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பர்மாக்கா காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரிக்கும் இடத்தில் துணி சுருட்டும் வேலைக்குப் போனாள். பெரியம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கோயிலுக்குப் போகும்போது இவள் முன்னால் நடப்பாள், அவர் இவள் தோளில் ஒரு கை வைத்துக்கொண்டு, "ஏட்டி, குழியில எறக்கிராத" என்று வைதுகொண்டே வருவார்.

இப்படி இருக்கையில் நமக்குச் சுதந்திரம் வந்தது. சில மாதத்தில் பர்மாவும் தனி ராஜ்யமாகிவிட்டது. அதுவரை எல்லாரும் ஒரே வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்ததால், அவளும் எங்களைப் போல ஒரு ஆள். இப்போது அவள் அந்நிய தேசத்தாள். அந்நிய தேசத்தார் தங்குவதற்கு அனுமதி பெற வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பர்மாவில் பிறந்தவர்கள் ஊரில் இன்னும் சில பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் மூச்சு விடவில்லை. இவள் என்னிடம் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குளித்து, சலவைச் சேலை உடுத்தி, தானாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். எனக்கு மனசு கேட்காமல் கூடவே போனேன்.

"நான் பர்மா, ஏட்டையா. எனக்கு உத்தரவு வேணுமாம்" என்றாள்.

ஏட்டையா நல்ல மனுஷன். "யம்மா, ஒன்ன யாரு கேட்டா? நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க, போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அவர் டீ குடித்து வந்தார், நின்றாள். ஒரு களவுக் கேஸை விசாரித்து முடித்தார், அப்போதும் நின்றாள். வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார். அப்படியாக அவளே போய்க் கண்ணியில் காலை வைத்தாள். சில வாரத்தில் பதில் வந்தது. மூன்று மாதம் தங்கலாம். கெடு முடியுமுன் நீட்டிப்பு வாங்க வேண்டும். ஜில்லா எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது.

அன்றிலிருந்து அவளுடைய மனுக்களை இங்கிலீஷில் எழுதுவது என் வேலையாயிற்று. 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியை' என்று முடிகிற அந்த மனுக்களை எழுதி எழுதி, பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட எனக்குக் கீழ்ப்படிந்த ஊழியை என்று கையெழுத்து வந்தது.

முதல் நீட்டிப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு குமாஸ்தா எங்களை உட்காரவைத்து நிதானமாகவே விளக்கினார். "பர்மாப் பிரஜைன்னா பர்மா பாஸ்போர்ட்டக் காட்டணும். இந்தியாக்காரரோட சம்சாரம்னா ஒண்ணுமே வேண்டாம், பேசாம வீட்டுக்குப் போகலாம். இவங்க எது?"

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"சம்சாரந்தான்" என்றாள் மெதுவாக.

"கல்யாணத்துக்கு அத்தாட்சி?"

"எங்க ஊருல ரெண்டு பேரும் ஒரே தட்டுல சோறு திம்போம். அக்கம்பக்கத்துல பாப்பாக. அம்புட்டுதான் கல்யாணம்."

"அந்தத் தட்டாவது இருக்கா?" என்றது பக்கத்து மேஜை. ஆபீஸே சிரித்தது.

"நடந்து வந்தப்ப வழியில போட்டுட்டோம்" என்றாள் அவள், கேட்டதற்குப் பதில் சொல்கிறவளாக. சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்சாரம்னு சொன்னத அக்காகிட்டச் சொல்லிராதீக டீச்சர்" என்றாள்.

பர்மா பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் பார்த்தோம். நாடு தனியாவதற்கு முன்பே நீங்கள் வெளியேறிவிட்டதால், எங்கள் பிரஜையா இல்லையா என்பதை நேரில் வந்து விண்ணப்பித்தால்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. நேரில் போகக் கப்பலேற வேண்டும். கப்பலேறப் பாஸ்போர்ட் வேண்டும். நான் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தப் பக்கம் வாசலில் நிற்காதே என்கிறார்கள். மனுஷி எங்கேதான் போவாள்?

கடைசியில் ஜில்லா கச்சேரியில் நேரில் ஆஜரானால் நீட்டிப்பு கிடைக்கும் என்றார்கள். அப்பாடா என்று ரயிலேறினோம். விருதுநகரில் இறங்கி மதுரை வண்டிக்கு மாற வேண்டும். மாறப் போகும்போது அவள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டாள்.

"அடுத்த ஸ்டேஷன் எந்த ஜில்லா டீச்சர்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஜில்லாவின் கச்சேரி அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் இல்லை, மதுரையில் இருந்தது. மதுரை வேறு ஜில்லா. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. ஜில்லாவை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். அனுமதி தருகிறவர் ஜில்லாவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"அவக கூப்பிட்டுத்தானே போறோம்? வண்டியில ஏறுங்க. பொம்பளைங்க பெட்டியில வந்து யாரு..." என்று ஆரம்பித்த நான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்."

வண்டி ஊதிவிட்டது. அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். நான் ஏறினேன். மதுரையில் அந்த அதிகாரியின் முன்னால் நின்று என் பள்ளிக்கூட இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன்.

"ஆசாமி எங்கே?" என்றார்.

"விருதுநகர் பிளாட்பாரத்தில்."

"ஏன் வரவில்லை?"

"எல்லை தாண்டக் கூடாதென்று தாங்கள்தான் உத்தரவு போட்டிருக்கிறீர்கள்."

"எங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தாண்டலாமே."

"அதை எங்கே வாங்குவது?"

"இங்கேதான். நேரில் வந்து..." என்றவர், தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே கேட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தங்குகிற கெடுவை இன்னும் மூன்று மாதம் நீட்டி, கூடவே இன்னொன்றும் எழுதினார். அதற்குள் அவள் இந்தியாக்காரரின் மனைவிதான் என்று புருஷன் வழி உறவுக்காரர் யாராவது ஸ்ரீவில்லிபுத்தூர் தாசில்தார் முன்பாகச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொன்னால் இனி அனுமதியே தேவையில்லை. சொல்ல ஆளில்லை என்றால் அடுத்த நீட்டிப்பு கிடையாது, கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள்.

திரும்பி வந்தபோது அவள் நான் விட்ட இடத்திலேயே, அதே தூணடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கடையில் ஒரு வடை வாங்கித் தின்னக்கூட எழுந்திருக்கவில்லை போலிருந்தது. இராஜபாளையம் போகும் வண்டியில் நாங்கள் தனியாக உட்கார்ந்திருந்தோம். வெளியே கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. அவளே பேசினாள்.

"நடந்து வந்தப்ப மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கேட்டு. காலரா ஊசி போட்ட சீட்டு இருந்தாத்தான் விடுவான். ஊசி போட அம்புட்டுக் கூட்டம். அவுக, 'யாரு பாக்கப் போறா, வா'ன்னாக. பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனோம். சிப்பாயி பாத்துட்டான். முகாமுக்குத் திருப்பி அனுப்பிட்டான். அங்க காலரா."

பிள்ளை இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரவில்லை. கிணற்றடியில் அவளிடம் எரிந்து விழுந்த நாள் ஞாபகம் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புருஷன் வழி உறவென்று உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்தான். பெரியம்மா. அவர் வாயைத் திறந்து, 'இவள் என் புருஷனுடைய பெண்டாட்டி' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே அத்தனை வருஷம் வாழ்ந்தவர் அவர்.

"அக்காகிட்டக் கேக்காதீக" என்றாள் பர்மாக்கா. "அவகளக் கோயில்ல யாரும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாது. என்னய அனுப்புனா அனுப்பட்டும்."

"அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"பொறவு?"

அந்த மூன்று மாதமும் வளவில் சாவு வீட்டு அமைதி. பர்மாக்கா வீட்டைத் தினமும் மெழுகினாள். மாவு, பருப்பு, உப்பு எல்லாம் எந்தெந்த ஜாடியில் இருக்கிறது என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். "இதெல்லாம் எனக்கெதுக்குட்டி, நீ எங்க சாகப் போற?" என்று பெரியம்மா வைதார். இவள் அவர் கையை அடுத்த ஜாடிக்கு நகர்த்தினாள்.

நான்தான் பொறுக்கமாட்டாமல் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசியைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் பொறுக்கினார். கடைசியில், "ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ டீச்சரம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய சபை, திருவிருந்து, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றையும் மனசுக்குள் வைதேன்.

விசாரணை நாளன்று காலையில் பஸ் ஏறப் புறப்பட்டு நானும் பர்மாக்காவும் வளவு வாசலுக்கு வந்தோம். வாசற்படியில் கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையோடு, வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, குருடிய விட்டுட்டு ஓடிரலாம்னு பாத்தியோ? தோளக் காட்டு" என்றார்.

மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். தாசில்தார் வயசானவர். பெரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பெரியம்மா உட்காரவில்லை. புத்தகத்தின் மேல் கையை வைத்து, சபையில் சாட்சி சொல்கிற உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"இவ எம் புருசனுக்குப் பொண்டாட்டி. அவுக செத்தப்ப என் பக்கத்துல உக்காந்திருந்தவ. இது சத்தியம்."

பர்மாக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது, பிழைத்தாள் என்று நினைத்தேன். தாசில்தார் திருப்தியாக எழுதிக்கொண்டே, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நானும் பொண்டாட்டிதான். மூத்தவ."

"என்ன மதம்?"

"வேதக்காரக."

தாசில்தாரின் பேனா நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "அம்மா, வேதக்காரங்களுக்குச் சட்டப்படி ஒரு தாரந்தான். மூத்த சம்சாரம் நீங்க இருக்கையில, அவர் ரெண்டாவதாச் செஞ்சது செல்லாது. இவங்கள மனைவின்னு நான் எழுத முடியாது. நீங்க உண்மையச் சொன்னீங்க. அந்த உண்மையே இவங்களுக்கு எதிராப் போச்சு."

பெரியம்மா தாசில்தாரின் குரல் வந்த திசைக்கு நன்றாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்பம் என்னய எடுத்திருங்க. நான் சும்மா கூட இருந்தவ, இவதான் பொண்டாட்டின்னு எழுதிக்கோங்க. எனக்கு இது பெறந்த ஊரு. என்னய எந்தக் கப்பல்ல ஏத்தி எங்க அனுப்பப் போறீக?"

கோயிலில் மாலை மாற்றி, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஊரறியப் பெண்டாட்டியான மனுஷி, அதைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார். தாசில்தாருக்கும் மனசு இளகிவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவர் பேனாவை எடுத்தார். எழுதியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எழுதாதீக!" என்று பர்மாக்கா கத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "பொய்யி. அக்காதான் பொண்டாட்டி. அவுக பேர அடிக்க யாருக்கும் உத்தரவு கெடையாது."

"மூதேவி, குடுக்குறத வாங்கத் தெரியுதா ஒனக்கு?" என்று பெரியம்மா திரும்பி அவளை அடிக்கவே கையை ஓங்கினார். இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க பேர அடிச்சுப்போட்டு நான் இந்த ஊருல யாரு கூட அக்கா இருக்க?"

பெரியம்மாவின் கை அவள் பிடியிலேயே தளர்ந்து தொங்கியது. தாசில்தார் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, தன்னால் முடிந்ததை எழுதினார். மனைவி என்று எழுதவில்லை. பார்வையில்லாத இந்த விதவையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால், இவர் உயிரோடிருக்கும்வரை அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கெடுவை நீட்டலாம். ஒவ்வொரு தடவையும் இவரை நேரில் காட்ட வேண்டும் என்று சிபாரிசு செய்தார். "என்னால இவ்வளவுதான் முடியும்" என்றார். மதுரையில் அதை ஏற்று, நீட்டிப்பை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதிவிட்டார்கள்.

விஷயம் எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் பெரியம்மா எழுந்து போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவராகவே கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு பேரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவார்கள். ஒருத்தி தங்குவதற்காக, இன்னொருத்தி உயிரோடிருப்பதைக் காட்டுவதற்காக. கச்சேரியில் குமாஸ்தா, "வந்தாச்சா பாட்டி?" என்பார். "இன்னும் சாகல" என்று பெரியம்மா வெடுக்கென்று சொல்லுவார்.

அந்த வருஷத்து ஐப்பசி அடைமழையில் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பார்க்கப் போனேன். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் வயசான பெண்கள் படுக்கையில் விழுந்தால் எல்லாரும் ஒரே ஜெபந்தான் பண்ணுவார்கள்: ஆண்டவரே, கஷ்டப்படுத்தாமல் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும். அதைத்தான் கேட்கப் போகிறேன் என்று நிலைப்படியிலேயே நின்றேன்.

"ஆண்டவரே, இப்பக் கூப்பிட்டிராதேயும்" என்றார் பெரியம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "கெடு முடியப் போகுது. நான் போய் நின்னாத்தான் அவளுக்குப் போடுவான். இன்னும் ஒரு மூணு மாசம் போட்டுக் குடும். அது முடியவும் மறுபடி வந்து கேக்கேன்."

பர்மாக்கா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, படுக்கையருகே முழங்கால் போட்டாள்.

"அக்கா" என்றாள், "ஆறு மாசமாக் கேளுங்க."